மீன் கேம்தான் நாலு

இல்லைங்க, இப்போ சொல்லப்போற கதைய நானே முழுசா நம்பல. இருவத்தேழு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றேன். சொல்லும்போதெல்லாம் உள்ள ஒருத்தன் உக்காந்து, நெசமாடா, நெசமாடான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கான். ஆனா கட தெறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கே. இந்தத் தூறல்ல, நிப்பொன்பாஷி கடைத்தெரு வரிசைல நின்னுக்கிட்டு வேற என்ன பண்றது? நீங்களும் காத்துக்கோட்டை வீடியோ கேம் பெட்டிக்குத்தான வந்தீங்க?

தங்கச்சி பொறந்தநாளுக்கா? அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்ட பேசினா சண்டைலதான் முடியும்.

காத்துக்கோட்டை ஒண்ணு வந்துச்சா, ரெண்டு வந்துச்சா, மூணு வந்துச்சா. அப்புறம் நம்பரே போடாம ஒரு மீன் பிடிக்கிற கேம். அதே வீரன்தான், கரைல உக்காந்து தூண்டில் போடறான், அவ்ளோதான். அடுத்தது அஞ்சு! ஆமாங்க, நேரா அஞ்சு. நாலு எங்க?

அதேதான், நீங்க சொன்னதத்தான் பாதி ஜப்பான் சொல்லுது. நாலுன்னா சாவுன்னு காதுல விழுதுன்னு ஆஸ்பத்திரில நாலாம் நம்பர் ரூம் வெக்க மாட்டாங்கல்ல, அது மாதிரி ராசியில்லாத நம்பர்னு தாண்டிட்டாங்க, மீன் கேம் சும்மா ஒரு சைடு கேம்னு. முன்னாடி பச்சத் தொப்பி போட்டுக்கிட்டு சோத்துருண்ட தின்னுட்டிருக்கார் பாருங்க, குராமோச்சி-சான், அந்தக் கட்சிக்கே அவர்தான் தலைவர். இந்தக் கட்சிக்கு நான். மீன் கேம்தான் நாலு. மெயின் கேம்.

ஏன்னா, மூணோட கடைசில வீரனோட வாள் கடல்ல விழுந்துருது. அஞ்சு ஆரம்பிக்கும்போது வாள் கைல இருக்கு! நடுவுல என்னாச்சு? மீன் கேம்ல தொண்ணூத்தொம்பது மீன் பிடிச்சிட்டு நூறாவது தடவ தூண்டில இழுத்தா, வருது பாருங்க, வாளு! குராமோச்சி-சான் என்ன சொல்றார்னா, கடைல வேற வாள் வாங்கியிருப்பான்யாங்கறார். கடைலயாம்! ராட்சசனக் கொன்ன வாள! யோவ், உன் மூளையையும் அந்தக் கடைலதான் வாங்கினியான்னு கேட்டேன். ரெண்டு வருஷம் பேசல. அப்புறம் அவரே போன் பண்ணி, நீ இல்லாம திட்றதுக்கு ஆளே கெடைக்கலங்கறார்.

இன்னிக்கு முடிவு தெரிஞ்சிரும். மெயின் கேம் எல்லாத்தையும் கம்பெனியே ஒரே பெட்டில போடுது. உள்ள எதெதுன்னு மட்டும் சொல்லல, தெறந்தாத்தான் தெரியும். மீன் இருந்தா நான், இல்லன்னா அவர். தோத்தவன் இதே தெருவுல நின்னு, நீ சொன்னதுதான் சரின்னு மூணு தடவ கத்தணும்.

சிரிக்காதீங்க. ஏன்னா என் சாட்சி வாள் மட்டும் இல்லைங்க. அந்தக் காலத்துல கேம் முடிஞ்சு, செஞ்சவங்க பேரு ஓடும்போது நெசப் பேரு வராது. அடுத்த கம்பெனிக்காரன் ஆளத் தூக்கிட்டுப் போயிருவான்னு பட்டப்பேருதான் போடுவாங்க. மீன் கேம்ல, மீன் வரைஞ்சவர் பேரு கத்திரிக்கான்னு வரும். அந்தக் கத்திரிக்காய ஆறு வருஷம் தேடினேன். வழுக்கத் தலையோட ஒரு பெரியவர்னு மனசுல வெச்சிருந்தேன். உமேதால ஒரு ஹோட்டல்ல ரசிகர் கூட்டம். பின்னாடி ஒரு பொண்ணு கையத் தூக்கி, நாந்தான் கத்திரிக்காங்கறாங்க! ஓடிப்போய், மேடம், மீன் கேம்தான நாலுன்னேன். மூச்சு வாங்குது, கண்ணெல்லாம் தண்ணி. என் மூஞ்சியப் பார்த்தாங்க. ஆமா, நாலுன்னு பெட்டியே அச்சடிச்சாச்சு, ராசியில்லன்னு மொதலாளி கடைசி வாரம் எடுத்துட்டார்னாங்க.

நான் கத்தின கத்துல ஹோட்டல்காரன் ஓடி வந்துட்டான். ரசிகர் பத்திரிகைல எழுதினேன். இன்னிக்கு வரைக்கும் எங்க கட்சிக்கு அதான் வேதம். ஆனா அந்தப் பெட்டி, நாலுன்னு போட்ட பெட்டி, ஒண்ணே ஒண்ணுகூட எங்கயும் சிக்கல. பழைய கட, ஏலம், அச்சாபீஸ், ஒண்ணு விடல.

அவங்ககிட்டயே திரும்பக் கேக்கலாமேவா? கேட்டேங்க. இன்னிக்குக் காலைலதான், மிஸோ சூப் ஊத்தும்போது. எங்க வீட்லதான். ஏன், கத்திரிக்கா என் பொண்டாட்டிதான, சொல்லலயா? கல்யாணமாகி இருவத்தாறு வருஷமாச்சு. அவகிட்ட ஒரே கொறதான், எதுக்க நிக்கறவங்க மூஞ்சி வாடினாத் தாங்க மாட்டா. நான் பாடினாக்கூட நல்லாருக்கும்பா. நான் பாடி நீங்க கேட்டதில்ல, விடுங்க.

என்ன சொன்னாளா? கரண்டியக் கீழ வெச்சா. சிரிச்சா. கொடைய எடுத்துக் கைல குடுத்து, போங்க, மொதல்ல பெட்டிய வாங்கிட்டு வாங்கன்னு தள்ளி விட்டுட்டா. அட, ஷட்டர் தூக்கறான்! குராமோச்சி-சான் திரும்பி நாக்க நீட்றத பாருங்க, அறுவது வயசு மனுசன்!

நகருங்க நகருங்க. நான் கேட்டதா? பெருசா ஒண்ணும் இல்ல. மினாகோ, அன்னிக்கு ஆமான்னு சொன்னியே, அது நாலுன்னு அச்சடிச்ச பெட்டியப் பார்த்துச் சொன்னியா, இல்ல என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னியான்னு கேட்டேன்.