பெரியவரு நிக்கிறாருங்க

சங்கத்து உறவுகளே, நாளைக்குக் காலையில மலைப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்கு பஸ் ஏறப் போறீங்க. சந்தோஷம். ஆனா எனக்கு மட்டும் திக்கு திக்குனு இருக்கு... ஏன்னு ஒரு குட்டிக் கதையில சொல்லிடறேன், கேட்டுட்டுப் போங்க.

கோதண்டம்னு ஒருத்தர். பனியன் கம்பெனியில தொழிற்சங்கத் தலைவர். எந்தத் தகராறா இருந்தாலும் முன்னால போய் நின்னு பேசித் தீர்த்துடுவார். சம்சாரத்தையும், மாசமா இருக்கிற மக மேகலாவையும் கூட்டிக்கிட்டு இப்படி ஒரு சரணாலயத்துக்குப் போனார். சரணாலயத்து வேன் சோலைக்காட்டுக்குள்ள போகுது. ஒரே மூடுபனி. டக்குனு வண்டி நின்னுடுச்சு.

டிரைவர் மெல்லமா சொல்றார்: "பெரியவரு நிக்கிறாருங்க. அவரு போகட்டும்... யாரும் சத்தம் போடாதீங்க."

நேரம் போகுது... இன்னும் போகுது. மேகலாவுக்குக் குமட்டல், முகமெல்லாம் வேர்வை. பெத்த மனசு பொறுக்குமா?

"எந்தப் பெரியவரா இருந்தா என்னய்யா? ஆபீசரா? நான் பேசிக்கிறேன்!"

கதவைத் திறந்து கோதண்டம் இறங்கிட்டாரு! டிரைவருக்குக் கத்தவும் முடியல, பிடிக்கவும் முடியல.

கோதண்டம் கும்பிட்டுக்கிட்டே பனிக்குள்ள நடக்கிறார். "ஐயா, வணக்கமுங்க... மாசமான புள்ள வண்டியில இருக்குதுங்க. கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

பதில் என்ன வந்துச்சு தெரியுமா? மடார்னு ஒரு கிளை முறியற சத்தம்! பனி விலகுது... எதிர்ல... கொம்பன் யானை!

அந்தக் காட்டுல யானையைப் பேர் சொல்ல மாட்டாங்க, பெரியவருன்னுதான் சொல்லுவாங்க. இவருக்கு அது தெரியாது. கேட்கவும் தோணல.

வேனுக்குள்ள மேகலா "அப்பா"ன்னு கத்த வாயெடுத்தா. அம்மாக்காரி பொத்திட்டா. புருஷனைக் கூப்பிடக்கூட முடியாம அந்தம்மா கண்ணுல தண்ணி கொட்டுது... நினைச்சுப் பாருங்க அந்த நிமிஷத்தை!

யானை காதை விரிச்சு ஒரு அடி முன்னால வெச்சுது. கோதண்டம் கூப்பின கையைப் பிரிக்காம பின்னாலயே... பின்னாலயே... வந்து வேன் படியில இடிச்சு விழுந்தார். டிரைவர் காலரைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டார். யானை கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சரிவுல இறங்கிப் போயிடுச்சு.

பொழைச்சார். ஆனா ஊர் வந்து சேர்ற வரைக்கும் மேகலா அப்பா சட்டையை விடவே இல்லையாம்.

கோதண்டம் கெட்டவரா? இல்லீங்க. மக மேல உசுரு. ஊருக்குள்ள அந்தப் பேச்சு செல்லும். காடு நம்ம ஊரா? யானை நம்ம வழியில நிக்கல... அது வழியில நாமதான் போய் நிக்கிறோம்! டிக்கெட் வாங்கினது பார்க்கிறதுக்கு மட்டும்தான்.

நாளைக்கு யாராவது அந்த பஸ் கதவுல கை வெச்சீங்கன்னா... பக்கத்து சீட்டுல இருக்கிற உங்க புள்ளைங்க முகத்தை ஒரு தடவை பாருங்க. அதுக்கப்புறமும் இறங்க மனசு வருமா, சொல்லுங்க!