தங்க எழுத்து போட்ட நத்தைப் புத்தகம்

ஹலோ... ஹலோ, என்னங்க, நான்தான். அந்த மிஷினை நிறுத்தச் சொல்லிட்டுப் பேசுங்க, ஒரு எழவும் கேக்கல... ஆங், இப்பக் கேக்குது.

...நான் லாண்டரியில இல்ல. நம்ம பையன் பள்ளிக்கூடத்துல, ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கேன்... அவன் உசுருக்கு ஒண்ணும் இல்ல. குறுக்க பேசாதீங்க. அவன் டீச்சரை நான் அடிச்சுட்டேன்.

...ஆமா. ...ஆமா, ஆமாங்கறேன்ல! ...லேசாவா? மண்டை உடைஞ்சுருச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. வாசல்ல வாட்ச்மேன் குறுக்க நிக்கறான், நான் ஓடிருவேனாம். போலீஸுக்குச் சொல்லியாச்சு.

...எனக்கு என்ன பைத்தியமா? கேளுங்க. பத்து மணிக்கு போன் வருது, உங்க பையன் வாய்கூசாமப் பொய் சொல்றான், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. ஏப்ரன்கூடக் கழட்டல, ஓடி வந்தேன். வந்து பாத்தா அவனைக் கரும்பலகைகிட்ட நிக்க வெச்சிருக்கா. ரெண்டு கையும் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்குதுங்க. ஸ்கேலைக் குறுக்கப் பிடிச்சு விரல் மொளியில அடிச்சிருக்கா. மொளியில!

...எதுக்கா? அந்தப் புத்தகத்துக்குத்தான். மூணாங்கிளாஸ் பூரா ஒரு மாசமா அதே பேச்சுதானே. லைப்ரரியில புள்ளைங்களே புத்தகம் எடுத்து, யாரும் சொல்லித் தராம தானாப் படிச்சு, அந்தக் கதைக்கு வேற முடிவு எழுதி, படம் போட்டு, சொந்தக் கையால ஒரு புத்தகம் பண்ணிட்டு வரணும்னு. இவன் பண்ண நத்தைக் கதைப் புத்தகத்தைப் பாத்துட்டு அவ கேட்டிருக்கா, யாருடா பண்ணிக் குடுத்ததுன்னு. நான்தான் டீச்சர்னிருக்கான். சுளீர்னு ஒண்ணு. இன்னொரு வாட்டி கேட்டிருக்கா. நான்தான்னிருக்கான். இன்னொண்ணு. அப்படியே ஆறு அடிங்க. ஆறு அடிக்கும் அதே பதில்தான் சொல்லியிருக்கான் எம்புள்ள!

...கேக்குதா? ...ம். ...ம்.

நான் முதல்ல மரியாதையாத்தான் பேசினேன். டீச்சர், அவங்கப்பா பைண்டரு, கடையில உக்காந்து பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டான், ஒரு வாரமா வீட்ல ஊசியும் நூலுமா இருந்ததை என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். அவ சிரிக்கறாங்க! குடும்பமே சேர்ந்து பொய் சொல்லுதான்னு கேட்டுட்டு, மறுபடி ஸ்கேலை ஓங்கிக்கிட்டு இவன்கிட்டப் போறா. அவ்ளோதான். அதைப் பிடுங்கி அவ மேலயே வீசினேன். ரெண்டா உடைஞ்சுது. கொண்டையைப் பிடிச்சு இழுத்தேன். படிக்கிற மூலையில ஒரு அலமாரி இருக்குல்ல, அதுல கொண்டுபோய் மோதினேன். ஒரு வாட்டி இல்ல. அலமாரியே அவ மேல சாஞ்சுது. புத்தகமெல்லாம் சரிஞ்சு கொட்டுது, அடியில அவ காலு மட்டும் உதறுது. புள்ளைங்க பெஞ்சு மேல ஏறிக் கத்துதுங்க.

...தப்புதான். தெரியுது. ஆனா எம்புள்ள பொய் சொல்லல. கோர்ட்ல கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

...என்ன? ...சத்தமாப் பேசுங்க, என்ன மென்னு முழுங்கறீங்க?

...தங்க எழுத்தா? ஆமா, புத்தகத்து முதுகுல தங்க எழுத்து போட்டிருக்காம். அந்தப் புத்தகம் இங்கதான், ஹெட்மாஸ்டர் மேஜையில கிடக்குது. நேத்து நீங்க காகிதத்துல சுத்தில்ல குடுத்தீங்க, நான் எங்க பாத்தேன்... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.

...இது என்னங்க, இப்படி இருக்கு?

...லேசா ஓரம் வெட்டினீங்களா? எதுக்கு? ...கோணலா இருந்தா? மூணாங்கிளாஸ் புள்ள தெச்சா கோணலாத்தான்யா இருக்கும்!

...வெட்டு மிஷின் கத்தி உள்ள ஏறி இறங்கிருச்சா. ...எல்லாப் பக்கத்துலயுமா? எல்லா நத்தைக்கும் தலை போச்சா? ...அப்புறம்? ...அப்புறம் சொல்லுய்யா! ...நீயே புதுசா எழுதினியா. அவன் கையெழுத்து மாதிரியே. படமும். தையலும். அட்டையும்... அப்ப அவன் பண்ணது எங்க? ...வெட்டுக் காகித மூட்டையிலயா? ...காலையில வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சா.

அடப்பாவி.

...வாயை மூடு. மனசு கேக்கலையாம்! இருபது வருஷமா பைண்டிங் பண்ற கை, கோணல் தையலைப் பாத்தா சும்மா இருக்காதாம்! அந்தக் கையை உன் வெட்டு மிஷின்ல வெச்சு நானே பிடியை இழுக்கறேன், இரு... சரி, அவன் ஏன் டீச்சர்கிட்ட நான்தான்னு சொன்னான்? ...நீ சொல்லச் சொன்னியா. ...சத்தியம் வேற வாங்கினியா? யார் மேல? ...என் மேலயா?

அப்ப ஒவ்வொரு அடிக்கும் என் உசுரை நெனச்சுக்கிட்டுத்தானே வாங்கியிருக்கான்.

...அழாத. நீ அழுதா எனக்கு இன்னும் வெறி ஏறுது. அந்தப் பொம்பளை கேட்டது சரிங்க. அடிச்சது தப்பு, ஆனா கேட்டது சரி. நான் ஒரு உண்மையைப் பிடிச்சு அலமாரியில மோதியிருக்கேன். அவ பொழைப்பாளான்னுகூடத் தெரியல.

...இல்ல, நீங்க வந்து உண்மையைச் சொன்னாலும் என்னை விட மாட்டாங்க. அதுக்காகக் கேக்கல. ஜீப் வந்துருச்சு, சத்தம் கேக்குது. நான் போறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அவன் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான். ஹெட்மாஸ்டர் கேட்டாரு, நான்தான்னான். நான் கேட்டேன், எங்கிட்டயும் நான்தாங்கறான். என்னைத் தொடவே பயப்படறான், சத்தியத்தை மீறினா நான் செத்துருவேன்னு. உங்க வாயால, நான்தாண்டா பண்ணேன், சத்தியம் வாபஸ், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவான்.

...முதலாளி நின்னா என்ன? ...அப்புறம் இல்ல, இப்ப. ...கெஞ்சறேங்க. வாழ்க்கையில வேற ஒண்ணும் கேக்கல. இப்ப.

...சரி. சரிங்க. இருங்க, கூப்பிடறேன்.

வாட்ச்மேன் அண்ணே, அவனை உள்ள விடுங்க. கண்ணு, இங்க வாடா. பயப்படாத. அப்பா லைன்ல இருக்காரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். போனை நீ பிடிக்க வேணாம், நான் ஸ்பீக்கர்ல போடறேன்... ம், பேசுங்க. பக்கத்துலதான் நிக்கறான்.

...ஹலோ?

...என்னங்க? ...ஹலோ? ...ஹலோ?

வெச்சுட்டாருடா.