டிரையாங்கிள்காரரின் தாள்

என் கையெழுத்தைப் பற்றி நீங்கள் அன்றைக்கே ஒரு நல்ல வார்த்தை சொன்னீர்கள் ஐயா. அதனால்தான் வேறு யாரும் எழுத வேண்டாம், தாளைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் செம்மலை. வயது நாற்பத்தாறு. காரைக்குடியில் இருந்தபடியே பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசைக்குறிப்பு தயார் செய்கிறேன். ஒருவர் மனதில் இருக்கிற இசையை எழுபது பேர் வாசிக்க வேண்டும். எழுபது பேருடைய வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் பெரிய தாளுக்கு ஸ்கோர் என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை மட்டும் பிரித்துக் கொடுப்பது பார்ட். முன்பு கையால் எழுதினேன். இப்போது மென்பொருள் வந்துவிட்டது, ஆனாலும் பார்வை மனிதனுடையதுதான். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். பக்கம் முடிகிற இடத்தில் அவருக்கு ஓய்வு வருகிற மாதிரி நான் அமைத்தால்தான் தாளைத் திருப்ப முடியும். முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து தவிக்கக் கூடாது என்று இங்கே பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் நான். மீதியைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளிலும் என் பெயர் வந்ததில்லை. கல்யாணப் பந்தலில் வாழைமரம் கட்டினவனை யார் கேட்கப் போகிறார்கள். அது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அகல்யா தேவகோட்டைப் பெண், இருபத்தாறு வயது. கீபோர்டில் அவள் வாசித்துக் காட்டிய முதல் ஐந்து நிமிடத்திலேயே இவள் வேறு ரகம் என்று தெரிந்துவிட்டது. நான்கு பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு ஒன்றை ஆரம்பித்தாள். இரண்டு வருடம் நான் கூட இருந்து எழுதினேன். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார், கல்யாணம் காட்சிக்குத்தான் வருவார். வாரம் ஒருமுறை கூட்டி விளக்கேற்றுவது என் பொறுப்பு. சத்தமே வராத இடம் என்பதால் எங்கள் வேலையை அங்கே வைத்துக்கொண்டோம். மூன்று பகுதிகள் முடிந்தன. ஐரோப்பாவில் ஒரு குழு அதை வாசித்துப் பதிவு செய்யச் சம்மதித்துத் தேதியும் கொடுத்தது. அன்றைக்கு அவளே சொன்னாள்.

"மொதப் பக்கத்துல உங்க பேரு வரும்ணே. சத்தியமாப் போடுவேன்."

ஒரு மாதம் கழித்து அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நாலாவது பகுதியைப் பிறகு முடித்துக்கொள்ளலாம், குழுவிடம் தேதியைத் தள்ளிக் கேட்கலாம் என்றாள். பிறகு என்று தள்ளின வேலையெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான் ஐயா. நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவளுடைய படைப்பைக் காப்பாற்ற ஆள் வேண்டியிருந்தது, அவளிடமிருந்தேகூட.

திட்டமெல்லாம் போடவில்லை. சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலையில் மடிக்கணினியை எடுக்கக் கண்டனூர் வீட்டுக்கு வந்தாள். முன்முற்றத்தைத் தாண்டி, வீட்டின் இரண்டாம் கட்டில், பழைய பாத்திரம் பண்டம் வைக்கிற உள்ளறைக்குள் போனாள். கதவில் சாவி தொங்கியது. பூட்டினேன். அந்தச் சுவர் ஒன்றரை முழக் கனம். தெருவில் பதினோரு வீடு, ஒன்பது பூட்டிக் கிடக்கிறது.

அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. மின்விசிறி இருந்தது. இணையம் இல்லை, அது கவனத்தைக் கெடுக்கும். வெளியே பையில் விட்டிருந்த செல்போனை நான் வைத்துக்கொண்டேன். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. எழுதியதைப் பென் டிரைவில் போட்டுக் கம்பிச் சன்னல் வழியாகக் கொடுப்பாள், வாங்கிக்கொண்டு தட்டை நீட்டுவேன். தாளத்துக்குப் பிரித்த கட்டங்கள் ஒரு நாளைக்குப் பதினாறு என்று பேசி வைத்திருந்தோம், அதாவது நான் சொன்னேன். குறைந்தால் தட்டும் குறையும். கழிப்புக்கு வாளி வைத்து நானே தினமும் கழுவினேன், அதில் கௌரவம் பார்க்கவில்லை. கதவைத் திறக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வேன். முதல் இரண்டு நாள் நிற்கவில்லை. பிறகு நின்றாள்.

"அண்ணே, நான் எங்குட்டும் ஓடமாட்டேன். கதவ மட்டும் தெறந்து வைங்க. இங்ஙனயே உக்காந்து எழுதுறேன்."

"தெறந்தா சத்தம் உள்ள வந்துரும் தாயி."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவள் அம்மா ரேணுகா என்னைத் தேடி வந்தார். மகள் சென்னைக்குப் போய்ச் சேரவில்லையாம், போனும் போகவில்லையாம். அந்த அம்மாளை என் வண்டியில் ஏற்றி உங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தேன். காணாமல் போன மனுவை எழுதியதும் நான்தான். அப்போதுதான் ஐயா, என் கையெழுத்தைப் பாராட்டினீர்கள். திரும்பும் வழியில், "நீங்க ஒருத்தருதான் தம்பி கூட நிக்கிறீக" என்று அந்த அம்மாள் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அன்று மதியச் சாப்பாடு கொடுக்க ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் அகல்யா மென்பொருளில் ஒரு சந்தேகம் கேட்டாள். நீண்ட நேரம் வாசிக்காமல் காத்திருக்கிறவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அவர் பார்ட்டில், அடுத்தவர் வாசிப்பதைச் சின்ன எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்போம். அதைக் கேட்டு அவர் தன் இடத்தைப் பிடித்துக்கொள்வார். இதற்குக் க்யூ என்று பெயர். ஸ்கோரில் மறைத்துவிட்டு அந்த ஒருவர் தாளில் மட்டும் இதைக் காட்டுவது எப்படி என்று கேட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு தொழில் பேசுகிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினேன்.

பதினான்காம் நாள் முடித்துவிட்டாள். நாலாவது பகுதிதான் நான்கிலும் உயர்ந்தது. தனிமை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முடிந்ததும் திறப்பதாகச் சொல்லியிருந்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஒத்திகையில் திருத்தம் வரும், அப்போது ஆள் கையில் இருக்க வேண்டும். அதோடு அடுத்த படைப்புக்கான யோசனையும் எனக்கு இருந்தது. அதற்காக நல்லதாக ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன்.

குழுவுக்கு அனுப்புமுன் ஸ்கோரை இரண்டு தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரைத் தட்டச்சு செய்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அவள் போடுவதாகச் சொன்னது, அவள்தான் போட வேண்டும். பார்ட்டுகளை என் வழக்கப்படி பக்கம் திருப்புகிற இடங்களுக்காக மட்டும் பார்த்தேன். டிரையாங்கிள் என்பது கம்பியை முக்கோணமாக வளைத்த சின்ன வாத்தியம். நாலாவது பகுதியில் அதற்கு நூற்று நாற்பத்தெட்டுக் கட்டம் சும்மா இருக்கிற வேலை, கடைசியில் மூன்று தட்டு. ஒரே பக்கம். திருப்புவதற்கு எதுவும் இல்லாத தாளை நான் திறப்பதில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

நூற்று நாற்பத்தெட்டுக் கட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் தன் தாளில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் படிப்பார் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. ஒத்திகையில் அவர் படித்துவிட்டு எழுந்து நின்றாராம். அங்கிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து உங்களுக்கும் தகவல் வந்தது. பத்தொன்பதாம் நாள் நீங்கள் கதவை உடைத்தீர்கள். சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அந்தக் கதவு பழைய பர்மாத் தேக்கு.

அகல்யா வெளியே வந்தபோது நான் வராந்தாவில் நின்றேன். நீங்கள் கூப்பிட்டும் அவள் சுவரைப் பார்த்தே நின்றதைப் பெரிதாகக் குறித்துக்கொண்டீர்கள். பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும்.

ஆம், பத்தொன்பது நாள் அவளைப் பூட்டி வைத்தது நான்தான். பசியைக் காட்டி எழுத வைத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை.

அந்தத் தாளை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி. இந்தியாவில், கண்டனூரில், ஒரு வீட்டில் அடைபட்டிருக்கிறேன். போலீசுக்குச் சொல்லுங்கள். பூட்டி வைத்திருப்பவர் இந்த இசைக்குறிப்பைத் தயாரித்த செம்மலை. சின்ன எழுத்துதான், க்யூவுக்கு உரிய அளவு. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

வழக்கு முடிந்ததும் அந்தத் தாளில் ஒரு நகல் எனக்கு வேண்டும் ஐயா. அகல்யாவிடம் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டாள். என் மேல் அவளுக்குக் கோபம் இருந்திருந்தால், சொன்ன வார்த்தை தவறாமல் என் பெயரைப் போட்டிருப்பாளா?