காது பழகும்வரை

காது சோதிக்கும் இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தால் எல்லாருக்கும் கொட்டாவி வரும். நீங்களும் தாராளமாக விடலாம், ஐயா, இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான்கு சுவரிலும் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறோம். வெளியே தெருவே கூடிக் கத்தினாலும் உள்ளே வராது. கதவைச் சாத்தியதும் சிலருக்குத் தங்கள் மூச்சே பெரிதாகக் கேட்டுப் பயம் வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம்தான் வரும்.

என் வேலை எளிது. நோயாளி நீங்கள் இருக்கும் நாற்காலியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் அதோ அந்தக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பொத்தானை அழுத்துவேன். சத்தம் கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சத்தமே போடாமல் நான் தோளை மட்டும் லேசாக அசைத்தால் போதும், பாதிப் பேர் கையைத் தூக்கிவிடுவார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் காது என்ன செய்யும், பாவம், கேட்டது என்று சொல்லிவிட்டுப் போகும். இதைத் தினமும் பார்த்துப் பழகியவன் நான்.

என் தங்கை வீட்டுக்காரர் செத்ததைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தொழிற்சாலை முற்றத்தில், பின்பக்கமாக வந்த லாரியில் அடிபட்டு இறந்துபோனார். பின்னால் எடுக்கும்போது ஒலிக்கும் பீப் சத்தம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது என்று டிரைவர் சத்தியம் செய்கிறார். மாப்பிள்ளை காதில் இயர்போன் மாட்டியிருந்தாரோ என்று உங்களுக்குச் சந்தேகம். இல்லை. தூசி பட்டுவிடும் என்று அதை அவர் தொழிற்சாலைப் பக்கம் கொண்டுபோகவே மாட்டார். பிறகு எப்படிக் கேட்காமல் போயிற்று? கொஞ்ச நாள் முன்பு அவர் காதைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னவன் நான். அதனால் என்னிடம் வந்தீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை அவருடையது. ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். பேரிங் தேய்ந்திருந்தால் அப்படியே சொல்லிவிடுவார். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அது தொழில். பேரிங் கேட்கத் தெரிந்ததால் பாட்டும் தனக்குத்தான் கேட்கத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் தொல்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி ஓர் இயர்போன் வாங்கினார். அப்புறம், எல்லாரும் கேட்கிற எம்பி3 தனக்கு ஆகாது என்று, ஒவ்வொரு பாட்டையும் அதைப்போலப் பல மடங்கு பெரிய கோப்பாகத் தேடித்தேடிச் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கையும் அவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் பிரசங்கம் தொடங்கிவிடும்.

"மச்சான், நீங்க போன்ல கேக்கறது பாட்டே இல்ல. பாட்டோட எலும்புக்கூடு. எம்பி3-ல சதையெல்லாம் வெட்டிடறான். இதுல கேட்டுப் பாருங்க, பாடறவங்க எச்சில் முழுங்கறதுகூடக் கேக்கும்."

அடுத்தவர் எச்சில் விழுங்குவதைக் கேட்கவா மூன்று மாதச் சம்பளம் என்று நான் கேட்கவில்லை. மரியாதையாக வாங்கி மாட்டிப் பார்த்தேன். பாட்டு கேட்டது. நல்ல பாட்டு. என் போனில் கேட்கும் அதே பாட்டு. அதை அப்படியே சொன்னேன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். மாப்பிள்ளை சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் தோளைத் தட்டி, "விடுங்க மச்சான், எல்லாருக்கும் எல்லாம் அமையாது" என்றார்.

அம்மாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பெருமை. எங்கள் மாப்பிள்ளைக்குப் பாம்புச் செவி என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். காதைப் பற்றியே படித்தவன் நான், இந்த ஊரில் பாதிக் காதுகள் என் கைக்கு வந்து போனவை என்று ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். "நீ காதைப் பாக்கறவன்டா. அவருக்குக் காது இருக்கு" என்றாள். பெற்ற தாய். எனக்கு வலிக்கத்தான் செய்தது. அதனால்தான் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை என் குணமே அல்ல. உண்மை எது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் நேர்மையாகவே சோதித்தேன். ஒரே பாட்டு, எம்பி3-ஆகவும் அவருடைய பெரிய கோப்பாகவும். ஆஸ்பத்திரிக் கருவியைக் கொண்டுபோய் இரண்டின் சத்தத்தையும் இம்மி பிசகாமல் ஒன்றாக்கினேன். ஒன்று ஒரு மயிரிழை உரக்க இருந்தாலும் அதுதான் நன்றாக இருக்கிறது என்று மனிதக் காது சொல்லிவிடும். எது ஓடுகிறது என்று தெரியாமலிருக்கப் பாட்டு ஓடிய போனை ஒரு துண்டு போட்டு மூடினேன். பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

"துண்டு போட்டு மூடிட்டீங்கல்ல மச்சான், அதான். துணி சத்தத்தை உறிஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை.

இயர்போன் காதுக்குள் இருக்கிறது. துண்டு மேசைமேல் கிடக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மாவாவது சிரிப்பாள் என்று திரும்பினேன்.

"வந்த மனுஷனை உக்கார வெச்சுப் பரீட்சை வெக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று சொல்லித் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு விஷயம் முடிந்தது.

செவிடன் காதில் சங்கு ஊதிப் பயனில்லை என்று அன்று புரிந்தது. வேறு வழியில் போனேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கொரு நண்பன் இருக்கிறான், கடையில் கிடைக்காத மூலப் பிரதிகள் தருகிறான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அப்படியொரு நண்பன் எனக்குக் கிடையாது. என் போனில் இருந்த அதே எம்பி3 பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பெரிய கோப்புகளாக மாற்றினேன். கைக்குட்டையைப் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டினால் பெட்டி பெரியது, உள்ளே இருப்பது கைக்குட்டைதான். கூடுதலாக ஒன்றே ஒன்று செய்தேன். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக் கேட்டார். "மச்சான், திரையை விலக்கின மாதிரி இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அவர் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியது அன்றுதான். எலும்புக்கூடு என்று அவரே சொன்ன பாட்டு அது.

அப்போதே உண்மையை உடைத்திருக்கலாமே என்பீர்கள். உடைத்திருந்தால் அந்தத் துண்டைப் போல இன்னொரு சாக்கு கிடைத்திருக்கும். தவிர, ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்துவது முறையல்ல. மாதாமாதம் அடுத்த தரம் என்று சொல்லிப் புதுக் கோப்புகள் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் சற்றே உரக்க. சத்தத்தைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் நுணுக்கம் செத்துவிடும் என்று நிபந்தனை போட்டேன். அதையெல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்.

இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது இயர்போன் வாங்கினால் நாள்கணக்கில் அதில் சத்தத்தை ஓடவிட்டுப் பழக்குவார்கள். அப்போதுதான் அது வாயைத் திறக்குமாம். மாப்பிள்ளையும் பழக்கியவர்தான். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"இயர்போன் பழகினா போதுமா மாப்பிள்ளை? காது பழக வேண்டாமா?"

இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் காது பழக்க உட்கார்ந்துவிடுவார், சாப்பிடக் கூப்பிடும்வரை. எவ்வளவு சத்தத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் காதுக்குள் என்ன ஆகும் என்று வெளிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். மாட்டியது நான்தான்.

கொஞ்ச நாளில், "மச்சான், காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம். படுத்தா நிக்க மாட்டேங்குது" என்றார்.

"அது குறை இல்ல மாப்பிள்ளை. அமைதிக்கும் ஒரு சத்தம் இருக்கு. இப்பதான் உங்களுக்கு அது கேக்க ஆரம்பிச்சிருக்கு. லேசுல யாருக்கும் கிடைக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை அவர் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். பிறகு, மேல் சுரங்கள் மங்கலாக இருக்கின்றன, இதைவிடத் தெளிவான பிரதி வருமா என்று அவரே கேட்கத் தொடங்கினார். வந்தது.

ஒருநாள் தங்கை அவரை இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாரு. குழந்தை பக்கத்து ரூம்ல வீல்னு கத்துது, இவரு அசையல. எனக்கு பயமா இருக்குண்ணா. நீ ஒரு தடவை பாத்துடு."

இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். தாழ்ந்த ஒலிகளுக்குச் சரியாகக் கை தூக்கினார். கீச்சென்ற ஒலிகளுக்கு வந்ததும் கை மடியிலேயே கிடந்தது. ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டு காத்திருந்தார். லாரி பின்னால் வரும்போது ஒலிப்பதும் கிட்டத்தட்ட அந்த ஒலிதான். எனக்கு அது அப்போதே தெரியும்.

பிறகு தோளை அசைத்தேன். உடனே கையைத் தூக்கினார்.

கதவைத் திறந்து, காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, டாக்டரிடம்கூடக் காட்ட வேண்டாம் என்றேன். "பொண்டாட்டி கூப்பிட்டா திரும்பாததுக்கு இங்க மருந்து கிடையாதும்மா" என்று தங்கையைச் சீண்டினேன். மூன்று பேரும் சிரித்தோம். தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பாவம், அத்தனை பயந்திருக்கிறாள்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் கூடியிருக்க, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, "மச்சான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்குக் காது இன்னும் கொஞ்சம் மங்க வேண்டியிருந்தது. அதற்குள் லாரி அவசரப்பட்டுவிட்டது.

அந்த டிரைவரை விட்டுவிடுங்கள். பிள்ளைகுட்டிக்காரர், பொய் சொல்லவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? அவர் காதுக்கா கேட்காமல் போகும் என்றார்கள். "பாம்புச் செவிக்காரருக்கு லாரி சத்தம் கேக்காதா? டிரைவர் புளுகறான்" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்த பிறகும் அவருக்குப் பாம்புச் செவிதான் என்றால் இத்தனை மாதம் நான் பட்ட பாடு எதற்கு? அதனால்தான் நீங்கள் கேட்டதும் மறைக்காமல் சொன்னேன். தெரிந்தே அவர் காதைக் கெடுத்தேன். தெரிந்தே நன்றாக இருக்கிறது என்று அனுப்பினேன். இப்படியே அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

அந்த இயர்போன் என்னிடம்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. தங்கையே கொண்டுவந்து, "அவரு உன்னைத்தாண்ணா நம்பினாரு, நீயே வெச்சுக்கோ" என்று கையில் வைத்தாள். ஒரு வாரமாகக் கேட்கிறேன், அளவான சத்தத்தில்தான். என் எம்பி3-யைப் போட்டேன், பிறகு அவர் ஆரம்பத்தில் சேர்த்து வைத்த பெரிய கோப்பைப் போட்டேன். மூடி வைத்துச் சோதிக்கவெல்லாம் இல்லை, தேவைப்படவும் இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஐயா. பாடுவதற்கு முன் உதடு பிரிவதுகூடத் தனியாகக் கேட்கிறது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் என்றைக்குமே கேட்டிருக்காது. அதற்கெல்லாம் காது வேண்டும்.