கசப்பு பிடிக்காதவன்

அட, நீங்க என்ன பீர் குடிப்பீங்கன்னு கேட்டது ஒரு குத்தமா மேடம்? மொறைக்காதீங்க. குடிக்கவே மாட்டீங்களா? சரி விடுங்க, அதுவும் ஒரு கட்சிதான். எங்க செட்டுல அந்தக் கட்சிக்கு மட்டும்தான் ஆள் இல்ல. கேஸே பீர் கேஸு, அதான் கேட்டேன். மனுவுல நாலாவது பக்கம் அவளே எழுதியிருக்காளே, இருபத்திரெண்டு வருஷமா என் புருஷன் பீர் விஷயத்துல என்னை ஏமாத்திட்டார்னு. அதப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு, நான் பாத்தேன். சிரிங்க, தப்பில்ல. எங்க வக்கீலும் சிரிச்சாரு. அவ மட்டும்தான் சிரிக்கல. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா பாருங்க, உர்ருன்னு.

இல்ல மேடம், நான் மல்லுக்கட்ட வரல. பிரிஞ்சுடலாம்னு அவ கேட்டா, நான் சரின்னுட்டேன். எங்க கையெழுத்துன்னு காட்டுங்க, போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். தனித்தனியா உக்கார வெச்சு ஒரு வாட்டி பேசித்தான் ஆகணும்ங்கறது உங்க ரூல்னு சொன்னாங்க, அதுக்காக உக்காந்திருக்கேன். வாசல்ல கவுன்சிலர்னு போர்டு பாத்ததும் தெருவுல குழி மூடுற கவுன்சிலர்னு நெனச்சுட்டேன். எங்க தெரு சாக்கடையப் பத்தி வாயத் தொறக்கறதுக்குள்ள வக்கீல் இழுத்துட்டு வந்துட்டாரு.

மொதல்லேர்ந்தா? சரி. நான் லிஃப்ட் மெக்கானிக். அவ பேக்கரில மாவு பிசையற பக்கம் வேலை. அவங்க பேக்கரியில சாமான் ஏத்துற லிஃப்ட் ஒரு நாள் பாதில நின்னுபோச்சு. உள்ள நாப்பது கிலோ மாவு, ஈஸ்ட் போட்டது. மேல நின்னுக்கிட்டு இவ கத்தறா, யோவ், பொங்கிடும்யா, சீக்கிரம் இறக்குய்யான்னு. நான் கீழ மல்லாக்கப் படுத்து வேலை பாத்துட்டிருக்கேன். சொன்ன மாதிரியே பொங்கி, இடுக்கு வழியா வழிஞ்சு, சொத்துன்னு என் மூஞ்சில. திட்டுனவ சிரிச்சுட்டா. அன்னிக்கு சாயங்காலம், பாவம் வாய்யான்னு கூட்டிட்டுப் போய் ஒரு பீர் வாங்கிக் குடுத்தா. அவதான் மேடம் வாங்கிக் குடுத்தா, நல்லா எழுதிக்கங்க. சர்வர் வந்து என்ன வேணும்னாரு. இருக்கறதுலயே கசப்பா ஒண்ணுன்னா இவ. அப்புறம் என்னப் பாத்தாரு. எனக்கும் அதேன்னேன். அந்த எனக்கும் அதேதான் இப்ப கோர்ட்டு வரைக்கும் வந்து நிக்குது.

அதுலேர்ந்து எல்லா வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணி. அதே கடை, அதே மூலை டேபிள், ஆளுக்கு ஒரே ஒரு கிளாஸ். ரெண்டாவது கேட்டா அவ பாக்கற பார்வைலயே போதை இறங்கிடும். எங்களுக்குப் புள்ள இல்ல மேடம். அவ விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போவா, நான் எங்க லிஃப்ட் மாட்டிக்கிச்சோ அங்க ஓடுவேன். ஒருத்தர் வரும்போது ஒருத்தர் தூங்கிட்டிருப்போம். வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் எங்க குடும்பம். மிச்சமெல்லாம் ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க.

போகப்போக ஆள் சேந்துச்சு. மொதல்ல மச்சான், இவ தம்பி, பஸ் டிரைவர். அவனுக்குக் கறுப்பு பீர்தான் உசுரு. தார் ரோட்ட உருக்கி கிளாஸ்ல ஊத்துனாப்புல இருக்கும். குடிச்சிட்டுச் சும்மா இருப்பானா? மாமா, வறுத்த காப்பிக்கொட்டை வாசம் வருதா, வருதான்னு ஒவ்வொரு வாய்க்கும் மூக்குக்கிட்ட கொண்டாந்து நீட்டுவான். வருதுடா சாமின்னு சொல்ற வரைக்கும் விடமாட்டான். அப்புறம் ஸ்பேனர், என்கூட வேலை பாக்கறவன். அவனுக்கு ருசியெல்லாம் தெரியாது. லேபிளத் திருப்பி ஆல்கஹால் எத்தன பர்சென்ட்னு பாப்பான். எட்டுக்குக் கீழ இருந்தா அது பீரே இல்ல, வாய் கொப்புளிக்கற தண்ணி. பேக்கரிலேர்ந்து கேக் அக்கா வரும், கிரீம் பூ போடற அக்கா. அதுக்குப் பழம் போட்ட புளிப்பு பீர். ரோஸ் கலர்ல இருக்கும். மச்சான் அதப் பாத்துட்டு, ஏங்க்கா, இதச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கணுமா பின்னாடி குடிக்கணுமான்னு மருந்து சீட்டு கேக்கற மாதிரி கேட்டான். மூணு மாசம் பேசல மேடம் அந்த அக்கா அவன்கூட. ஒரு தடவை எங்க மேனேஜர் வந்தாரு. நல்ல மனுஷன். பீர்ல ரெண்டு ஐஸ்கட்டி போட்டாரு. டேபிளே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து அவரக் கூப்பிடறதில்ல.

இவளா? இவதான் அங்க ஜட்ஜு. எல்லாரையும் அடிச்சு ஒக்கார வெப்பா. இனிப்பு நடிக்கும், புளிப்பு நடிக்கும், உங்க கறுப்பு அதவிட நல்லா நடிக்கும், கசப்பு ஒண்ணுதான் உள்ளது உள்ளபடி வந்து நாக்குல ஒக்காரும்பா. சொல்லிட்டு என் தோளத் தட்டுவா, இந்த ஊர்லயே என் கட்சில ஒரே ஒரு ஆளுன்னு. மச்சான் என்ன, பொண்டாட்டிதாசன்னு ஓட்டுவான். ஓட்டட்டுமே. எனக்கு அதுல ஒரு பெருமைதான்.

போன மாசம் வந்துச்சு வினை. மீசைன்னு ஒரு சர்வர், பழைய ஆளு, அன்னிக்குன்னு பாத்து எங்க ரெண்டு கிளாஸையும் மாத்தி வெச்சுட்டாரு. இவ எடுத்து ஒரு வாய் குடிச்சா. மாவு எப்ப புளிச்சுதுன்னு கதவுக்கு வெளியவே நின்னு சொல்ற மூக்கு அவளுக்கு. கிளாஸக் கீழ வெச்சா. இது நம்ம பீர் இல்லியேன்னா. மீசை அப்படியே ரிவர்ஸ் கியர் போட்டுட்டாரு. நான் கிளாஸப் புடுங்கி, அவ ரெண்டாவது வாய் வெக்கறதுக்குள்ள மடமடன்னு குடிச்சிட்டேன். ஏன்னா, ஏன்னா... அப்ப வாயில வந்தத சொன்னேன். இது வேற பீருடி, மெலிசா இருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும், மீசைகிட்ட சொல்லி வெச்சு எனக்கு மட்டும் இதத்தான் ஊத்த வெக்கறேன்னேன். எத்தன நாளான்னா. பிடிக்காமப்போனதா? மொத நாள்லேர்ந்தே, கசப்பு எனக்கு ஆகவே ஆகாது, உனக்காகத்தான் குடிச்சேன்னேன்.

மச்சான் கைதட்டிச் சிரிச்சான். ஸ்பேனர் விசிலடிச்சான். இவ பையை எடுத்துட்டுப் போயிட்டா. ராத்திரி கேட்டா, இத்தினூண்டு விஷயத்துல இருபத்திரெண்டு வருஷம் நடிச்சவன் வேற எதுல நடிச்சன்னு. அடுத்த வாரமே வக்கீலப் பாத்துட்டா.

இல்ல மேடம், கோவமே இல்ல. அவ கேட்டதுல என்ன தப்பு? அந்தக் கசப்புக்கு அவ எவ்வளவு விசுவாசம் தெரியுமா? நீங்க குடிக்காதவங்க, உங்களுக்கு எப்படிச் சொல்ல. ஆரஞ்சுத் தோல நகத்தால கிள்ளுனா சுள்ளுன்னு ஒரு வாசம் தெறிக்கும்ல, மொதல்ல அது வரும். அப்புறம் பைன் மரத்தப் புதுசா அறுத்த வாசம். நாக்குல பட்டதும் கசக்கும், கண்ணு லேசா சுருங்கும். முழுங்கின பிறகுதான் மேடம் விஷயமே, தொண்டையில மெதுவா ஒண்ணு நிக்கும் பாருங்க, பேச்ச நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் அதையே கேட்டுட்டு இருக்கலாம் போல...

என்ன மேடம்?

பிடிக்காதவன் இப்படிப் பேசமாட்டானா? போச்சுடா. படிச்சவங்க முன்னாடி வாயக் குடுக்கக் கூடாது.

பிடிக்கும். சரியா? எனக்கு உலகத்துலயே அந்த ஒரு பீர்தான் பிடிக்கும். மொத நாள் எனக்கும் அதேன்னது சத்தியமான வார்த்தை. பொய் சொன்னேன்னு சொன்னதுதான் பொய். கிளாஸ்ல இருந்தது வேற பீரு இல்ல, ஆல்கஹாலே இல்லாத தண்ணி, கலர் மட்டும் அதே கலர். ஏழு மாசமா அதத்தான் ஊத்தறாரு மீசை. ஈரல் போயிடுச்சு மேடம். வாரம் ஒரு கிளாஸ்லயெல்லாம் போகல, அது தானாவே கெட்டுச்சாம், டாக்டரே கையப் பெசையறாரு. எங்க மாமனாருக்கும் இதேதான், அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. அவருக்கு இவதான் நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளுனா. வயிறு வீங்கி, ஆள் அடையாளம் தெரியாமப் பேசி, கடைசில இவளையே யாருன்னு கேட்டுட்டுப் போனாரு. கல்யாணம் ஆன புதுசுல சொன்னா, உனக்குக் கை கால் போனாக்கூடப் பாத்துக்குவேன், அந்த மாதிரி ஒரு கட்டில் பக்கத்துல மட்டும் இன்னொரு தடவை என்னால ஒக்கார முடியாதுன்னு. தெரிஞ்சா ஒக்காருவா மேடம். அதான் பயம். முடியாதுன்னு சொன்னவ, தெரிஞ்சா எந்திரிக்கவே மாட்டா. அதுக்கு என்னக் கேவலமா நெனச்சுட்டுக் கோவமா போகட்டும். கோவத்துல நடந்தா கால் வலிக்காது.

முட்டாள்தனமா? இருக்கலாம். நான் எட்டாவதுதான் படிச்சேன்.

இந்தப் பையா? வீட்ட விட்டுப் போறேன்னு அவ நெனச்சிருக்கா. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில அட்மிஷன். ஃபாரம்லாம் நிரப்பிட்டேன். கூட இருந்து பாத்துக்கறவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. நேத்து கை பாட்டுக்கு அவ பேர எழுதிடுச்சு. அப்புறம் அடிச்சேன். கீழ உள்ள எழுத்து தெரியுதான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், தெரியுது. ஸ்பேனர் பேர மேல எழுதியிருக்கேன், அவன்கிட்ட இன்னும் கேக்கல.

எங்க எந்திரிக்கறீங்க? மேடம், நீங்க வெளிய சொல்லக் கூடாது, அது உங்க ரூலு. அவளக் கூப்பிடவா போறீங்க? கூப்பிடுங்க, வேண்டாங்கல. ஒரு நிமிஷம் மட்டும் குடுங்க, மூஞ்சியத் தொடச்சுக்கறேன். எனக்குக் கசப்பு ஆகாதுன்னு அவ கண்ணப் பாத்து மறுபடி ஒரு தடவை சொல்லணும். போன வாட்டி அவ கண்ணப் பாக்காமத்தான் சொன்னேன்.