பேரைச் சொன்னாத்தான் புள்ள வருமாம்

— பேரைச் சொல்லுடி, லுசுங்கு! எவன் பேரையோ உள்ள பூட்டி வெச்சுக்கிட்டா புள்ள எப்படிடி வெளிய வரும்?

— யாரும் இல்ல அத்தை... உங்க மகனைத் தவிர யாருமே இல்ல...

— அக்கா, அவளைக் கத்த வைக்காதீங்க. முக்குற தெம்பெல்லாம் வாய் வழியாப் போகுது.

— நீ ஊருக்குப் புது மருத்துவச்சி, நியாமோயோ. எங்க ஏரிக்கரையில புள்ள வராம நின்னுக்கிட்டா, கள்ளப் புருஷன் பேரைக் கேக்குறதுதான் வழக்கம். என் மகன் மசூஸ்கோ அதுக்குத்தான் வெளிய நிக்கிறான்.

— பேரு வந்தா என்ன பண்ணுவானாம்?

— இவளை இவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுவான். வேறென்ன?

— அடியாத்தீ! ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்டயும் கேட்டாங்களா?

— கேக்காம? மசூஸ்கோவைப் பெத்தப்ப என் மாமியா கேட்டா.

— சொன்னீங்களா?

— சொன்னேன். உடனே வந்து விழுந்தான். அதான் சொல்றேன், பலிக்கும். அவங்கப்பன் என்னை அனுப்பல; என்ன, கடைசி வரைக்கும் அவன்கூட ஒரே தட்டுல களி தின்னதில்ல.

— நீங்க அப்ப எப்படிப் படுத்திருந்தீங்க?

— இதென்ன கேள்வி? இவளை மாதிரி மல்லாக்கத்தான். ரெண்டு பேரு தோளை அமுக்கிட்டிருந்தாங்க.

— பேரைச் சொன்னதும்?

— விட்டுட்டாங்க. எழுந்து தூணைக் கட்டிக்கிட்டுக் குந்தினேன்.

— குந்தினீங்களா!

— ...ஆமா. குந்தினேன்.

— அப்ப இவ தோள்லருந்து கையை எடுங்கக்கா. லுசுங்கு, எழுந்திரு தாயீ. அத்தை கழுத்தைக் கட்டிக்கிட்டுக் குந்து. வலி வரும்போது மட்டும் முக்கு.

— முடியல நியாமோயோ...

— முடியும்டி. அக்கா, இவ இடுப்பைத் தாங்குங்க. ஆங், அப்படித்தான்! தலை தெரியுது. இப்ப முக்காத, வாயால ஊது, ஊது. நான் சுடுதுணி ஒத்துறேன், கிழியாது.

— ஏய், தலை வந்துருச்சா? பேரே சொல்லாமலா?

— பேரே சொல்லாமத்தான். இந்தா, தோளும் வந்துருச்சு... பொண்ணுக்கா! தொண்டையைப் பாருங்க இவளுக்கு!

— அத்தை... நான் சொன்னேன்ல, யாரும் இல்லன்னு...

— அம்மா! நான்தான் மசூஸ்கோ. புள்ள சத்தம் கேக்குதே. யாரு பேரைச் சொன்னா?

— யாரு பேரையும் சொல்லலடா. சொல்ல அவகிட்ட எதுவும் இல்ல. அன்னைக்கு என்கிட்டயும் இல்லடா, மசூஸ்கோ. தோளை விட்டாப் போதும்னு வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன். நீ உங்கப்பனுக்குத்தான்டா பொறந்த.