மாஸ்ரரின்ரை தண்ணி

எனக்குப் பாத்திரம் கழுவுவது பிடிக்கும், ஐயா. ஆம்பிளைகள் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள்; நான் படுவதில்லை. பட்டணத்துக் கல்லூரி ஒன்றின் இரசாயன ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருசம் உதவியாளராக இருந்தவன் நான். பிள்ளைகள் உடைக்காமல் விட்ட கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்குவதுதான் என் உத்தியோகம். இராசநாயகம் கழுவினால் இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை என்று ஆசிரியர்மார் சொல்வார்கள். எனக்கு இருந்த பேர் அது ஒன்றுதான்.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடுகள். வளவுக்கு வளவு கிணறு இருக்கிறது, எல்லாம் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. ஐந்து வீட்டுக் காணி உறுதியிலும் அதில் பங்கு எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்துக் காணியில்தான் ஏரம்பு பற்றறி திருத்துகிறார். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு மின்சாரம் போனபிறகு பழைய கார் பற்றறிக்கு இங்கே வந்த மரியாதை உங்களுக்குத் தெரியாததில்லை. ஏரம்பு அவற்றை உடைத்து, ஈயத் தகடுகளைக் கழுவி, உருக்கி, திரும்பச் செய்து கொடுத்தார். கழுவின தண்ணீரை நிலத்தில் ஊற்றினார். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குள் வந்துதான் நிற்கும்.

பஞ்சலிங்கம் மாஸ்ரர் கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். எங்கள் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டில் இருந்தார். முப்பது வயது இராது. கிணற்றில் ஈயம் இருக்கிறது என்று கண்டவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அதை எடுக்க ஒரு வழியும் சொன்னார். பற்றறி அமிலத்தில் இரும்புத்தூளைக் கரைத்து, பாதியைக் காற்றில் துருவேற விட்டு, சவுக்காரம் காய்ச்சுகிற காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கறுப்புத் தூள் ஒன்று படியும். காந்தத்தில் ஒட்டுகிற தூள். அதைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஈயம் போய் அதில் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தத்தால் தூளை வெளியே எடுத்துவிட்டால் தண்ணீரைக் குடிக்கலாம்.

சொல்ல இலேசு. மாஸ்ரர் உடைந்த ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தை எடுத்து நேரே தண்ணீருக்குள் இறக்கினார். தூள் முழுக்க அதில் அப்பிக்கொண்டது, சுரண்டியும் வரவில்லை. இரண்டு கிழமை மனுசன் நகத்தைத் தேய்த்ததுதான் மிச்சம். காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறக்கச் சொன்னது நான். தூள் பையின் வெளிப்பக்கம் ஒட்டும். மேலே தூக்கிக் காந்தத்தை உருவினால் தூள் தானாக விழுந்துவிடும். அன்று மாஸ்ரர் என்னைக் கட்டிப்பிடித்தார். என் தகப்பன்கூட என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். தூள் செய்வதும், ஒழுங்கைக்குப் பொதுவான தொட்டி ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி அதைக் கலக்குவதும் அவர். பின்னேரத்தில் பாவித்த தூளைக் கழுவுவது நான். பனங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுக்கிற வினாகிரியில் கழுவினால் ஈயம் வினாகிரிக்குள் இறங்கிவிடும், தூள் அடுத்த நாளைக்கு உதவும். அந்த வினாகிரியைச் சீமெந்தில் குழைத்துக் கட்டியாக்கிப் புதைப்பதாகத்தான் யோசனை. சீமெந்துக்குத் தடை, ஒரு பை கண்டு வருசக்கணக்கு. ஆகவே மருந்துப் போத்தல்களில் விட்டு அடைத்து என் வீட்டுப் பின்னறையில் வைத்தேன். தண்ணீரைச் சோதிப்பதும் என் வேலை. குழாயில் கொஞ்சம் எடுத்து, கூழ்முட்டை மணக்கிற வாயுவை அதற்குள் விட வேண்டும். ஈயம் இருந்தால் தண்ணீர் மண்ணிறமாகும், இல்லையென்றால் தெளிவாகவே நிற்கும். தெளிவு என்று நான் சொன்னபிறகுதான் தொட்டியின் பைப்பைத் திறப்பார்கள்.

தொண்ணூற்றிரண்டு சித்திரையில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து போனார். கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகையைப் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சடித்து வந்த காலம், இருந்தும் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். மாஸ்ரரின் படம், மாஸ்ரரின் படிப்பு, தூள், காந்தம், பை, எல்லாம் இருந்தது. கடைசி வரியில் ‘உதவியாளர் ஒருவரும் ஒத்தாசை புரிந்தார்’ என்று இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அதை ஏன் ஒளிக்கவேண்டும்? மாஸ்ரர் அன்றே வீட்டுக்கு வந்து, தான் என் பேரைச் சொன்னதாகவும் அவர்கள் விட்டுவிட்டதாகவும் சொல்லி வருத்தப்பட்டார். நான் நம்பினேன். நம்பினதால் எரிச்சல் குறையவில்லை.

என் மனைவி பூரணம் அந்தப் பக்கத்தை வெட்டி, மாவில் பசை காய்ச்சி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

“மாஸ்ரருக்கு நல்ல மூளை. நீங்களும் கூடமாட நிண்டு உதவி செய்தனீங்கள்தானே,” என்றாள்.

அடுத்த கிழமை, பின்னறையில் அடைத்து வைத்த போத்தல் ஒன்றில் கால்வாசியைத் தொட்டிக்குள் விட்டேன். சோதனையில் மண்ணிறம் வரவேண்டும், மாஸ்ரர் ஒழுங்கைச் சனத்துக்கு முன்னால் கொஞ்சம் தலை குனியவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மண்ணிறம் வந்தது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், மாஸ்ரர் பின்னால் வந்து, “எப்பிடி அண்ணை?” என்றார்.

அப்போதுதான் யோசித்தேன். காட்டினால் இந்த மனுசன் இரண்டு நாள் நித்திரை முழித்து ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பார். பத்திரிகைக்காரர் திரும்ப வருவார். சின்னப் பிழை அவரை இன்னும் பெரிய ஆளாக்கும். பிழை பெரிதாக, ஒருவரும் மன்னிக்க ஏலாததாக இருக்கவேண்டும். அதற்கு நாள் செல்லும். குழாயில் இருந்ததை நிலத்தில் ஊற்றிவிட்டு, தெளிவு என்றேன்.

“நீங்கள் பாத்தால் சரி அண்ணை,” என்று சொல்லிவிட்டுப் பைப்பைத் திறக்கப் போனார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவரிலும் கொஞ்சம் பிழை இருக்கிறது என்று நான் நினைப்பது அதனால்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் விட்டேன். அளந்துதான் விட்டேன், அளவில்லாமல் வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. வினாகிரியில் கரைந்த ஈயம் இனிக்கும். ஒழுங்கை முழுக்க ஒரே கதை, மாஸ்ரரின்ரை தண்ணி தேன் மாதிரி என்று. சீனி கிடையாத காலம். தேத்தண்ணிக்கு இனிச் சீனியே தேவையில்லை என்றார் ஏரம்பு. அடுத்த ஒழுங்கையிலிருந்தும் குடங்களோடு வரத் தொடங்கினார்கள். பாருங்கள் ஐயா, இனிப்பை விட்டது நான், அதற்கும் பேர் அவருக்கு. அன்றைக்கு அளவைக் கூட்டினேன்.

நான் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து குடித்தேன். வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்று சாட்டுச் சொன்னேன். பூரணம் விடுவாளா? இவருக்கு மாஸ்ரரிலை எரிச்சல், அதுதான் அவரின்ரை தண்ணி தொண்டைக்குள்ளை இறங்குதில்லை என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் கூடச் சிரித்தார்கள்.

ஆவணியில் ஏரம்புவின் கடைசிப் பெட்டைப் பிள்ளை, நாலு வயது, வலிப்பு வந்து செத்துப்போனது. மூளைக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவீட்டுக்குப் போனேன். வந்த சனத்துக்கு அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் தேத்தண்ணி கொடுத்தார்கள். எனக்குத் தந்ததை வாங்கி வைத்திருந்துவிட்டு வேலியோரம் ஊற்றினேன். ஏரம்பு என் தோளில் சாய்ந்து அழுதார். அன்று பின்னேரமும் வழக்கமான அளவுதான் விட்டேன், கூட்டவில்லை.

பிறகு பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து, பெரியவர்களுக்குக் கைச்சோர்வு. ஐப்பசியில் ஒரு டொக்டர் பல் ஈறுகளில் நீலக் கோடு ஓடுவதைக் கண்டு, இது ஈயம் என்றார். சனம் மாஸ்ரர் வீட்டு வாசலில் கூடியது. தொட்டியை உடைத்தார்கள். ஏரம்பு மாஸ்ரரின் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பினார். மாஸ்ரர் கையைக்கூடத் தட்டிவிடவில்லை.

“பிழை என்ரை தூளிலைதான். இராசநாயகம் அண்ணையை ஒண்டும் சொல்லாதேங்கோ. அவர் நான் சொன்னதைத்தான் செய்தவர்,” என்றார்.

அங்கேயும் நான் உதவியாளன்தான். அடுத்த கிழமை அவர் கிளாலியில் படகேறி வன்னிக்குப் போய்விட்டார். போக முதல் ஐந்து வீட்டுக்கும் தனித்தனியே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

பின்னறையில் வெறும் போத்தல்களைக் கண்டுவிட்டு நீங்கள் கேட்கிறீர்கள், நான் ஒளிக்கவில்லை. ஓம், நான்தான் விட்டேன். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை, ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் என் வாக்குமூலத்தை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த முறையில் ஒரு பிழையும் இல்லை. தூள் ஈயத்தைப் பிடித்தது. பை என்னுடைய யோசனை.

பூரணத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அவள் புரட்டாதியில் படுக்கையில் விழுந்தாள். மணிக்கட்டு இரண்டும் தொங்கிவிட்டன, செம்பு பிடிக்க ஏலாது, நான்தான் பருக்கினேன். அவள் சாகவேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் என் கானில் இருந்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்திருப்பேனா? ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள்.

“உது சப்பெண்டு கிடக்கு. எனக்கு மாஸ்ரரின்ரை தண்ணியைத் தாங்கோ.”

இதுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதையே கேட்டாள், அந்தப் பேரைச் சொல்லியே கேட்டாள். எழுந்து போய்த் தொட்டியில் ஒரு செம்பு பிடித்து வந்தேன். தலையை என் மடியில் வைத்து, புரைக்கேறாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். நல்லாயிருக்கு என்றாள். எட்டாம் நாள் அவள் போகும் வரைக்கும் அதைத்தான் கொடுத்தேன். கலியாணம் முடித்த இருபத்தாறு வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒன்றையும் நான் இல்லையென்று சொன்னதில்லை, ஐயா.